கொம்பில்லாத காண்டாமிருகம் ஒருவழியா நின்னுடுச்சு: ஹைராகோடான் பைபர் மாடல் செஞ்ச 3 மாசக் கதை

நேத்து ராத்திரி முழுக்க வாடைக்காத்து, கூடவே சாரல். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சதும் டார்ச்சை எடுத்துக்கிட்டு கொல்லைக்குத்தான் ஓடுனேன். மக ஸ்கூல் கண்காட்சிக்காக நான் செஞ்ச ஹைராகோடான், அதாவது அழிஞ்சுபோன பழைய காண்டாமிருக வகை ஒண்ணோட மாடல், நின்னுக்கிட்டு இருக்கு. நாலு காலும் நேரா, பலகையில இருந்து ஒரு நூல்கூட அசையல. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை விழுந்த உருப்படி இது, அதனால நின்னதைப் பாத்ததும் எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். யாராவது இதே மாதிரி ஸ்கூலுக்குச் செய்யப் போறீங்கன்னா என்னோட தப்புகளாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

நான் மோட்டார் காயில் கட்டுற ஆள். மண்டபத்துக்குப் பக்கத்துல வீடு, வடகடல் கரை எங்க வீட்டுல இருந்து 200 மீட்டர். மக எட்டாவது படிக்கிறா. தை மாசம் அவ ஸ்கூல்ல கண்காட்சி, அவளுக்குக் கிடைச்ச தலைப்பு காண்டாமிருகத்தோட பழைய சொந்தக்காரங்க. முதல்ல பாராசெராதீரியம்தான் வேணும்னு நின்னா. நம்ம துணைக்கண்டத்து மிருகம் அது, இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற பலுசிஸ்தான், அங்க டேரா புக்தி பக்கம் கிடைச்ச எலும்பை வச்சு 1911ல ஃபார்ஸ்டர் கூப்பர்ங்கிறவர் அந்தப் பேரை வச்சார். ஆனா தோள் உயரமே சுமார் 4.8 மீட்டர். எங்க வீட்டு ஓட்டுக்கூரை உச்சியைவிட உசரம். "பாப்பா, காலை மட்டும் செஞ்சாலே லாரி வேணும்"னு சொல்லி அதே கூட்டத்துல சின்னதா ஒண்ணைத் தேடுனோம், அப்படித்தான் ஹைராகோடான் வந்துச்சு. முன்னாடி இது ரெண்டையும் ஒரே குடும்பத்துலதான் வச்சிருந்தாங்க, இப்ப நிறைய பேரு பாராசெராதீரியத்தைத் தனிக் குடும்பமா பிரிச்சுட்டாங்க. ஹைராகோடான் நீளம் சுமார் 1.5 மீட்டர்தான். அதே அளவுலயே செய்யலாம், குட்டியானை வண்டில ஏத்தலாம், கொல்லையில வச்சு வேலை பாக்கலாம்.

இது வாழ்ந்தது வட அமெரிக்காவுல, சுமார் 3 கோடி வருஷத்துக்கு முன்னாடி. தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா பக்கம் ஒயிட் ரிவர் பேட்லேண்ட்ஸ்னு சொல்ற வெறும் மண்மேடா அரிச்சுப்போன நிலத்துல நிறைய கிடைச்சிருக்கு. 1856ல ஜோசப் லெய்டிங்கிறவர் பேர் வச்சார். ஆப்பிரிக்காவுல பாறை இடுக்குல முயல் சைஸுல ஹைராக்ஸ்னு ஒரு பிராணி இருக்கு, அதோட பல்லு மாதிரி பல்லுன்னு அந்தப் பேருக்கு அர்த்தம். பல்லு கதைக்குப் பின்னாடி வர்றேன்.

புரட்டாசி பொறந்ததும் ஆரம்பிச்சேன். மியூசியத்துல நிக்க வச்ச முழு எலும்புக்கூட்டோட பக்கவாட்டுப் படம் ஒண்ணை ஏ4ல பிரிண்ட் எடுத்து, அதுல ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு, மூக்குல இருந்து பின்பக்கம் வரைக்கும் 150 செ.மீ.னு வச்சுக்கிட்டு கொல்லைத் தரையில சாக்பீஸால பெருசாக்கி வரைஞ்சேன். தோள் உயரம் என் கணக்குல 75 செ.மீ. கிட்ட வந்துச்சு, தலை மட்டும் 33. உடம்புக்குத் தலை பெருசுதான், அது தப்பில்ல, அந்த மிருகமே அப்படித்தான், தலை பெருசு, மூஞ்சி குட்டையா அகலமா இருக்கும்.

தப்பு எங்க நடந்துச்சுன்னா கால்ல. கட்டம் போட்டு அளந்து வரைஞ்சும் கை தானா காலைத் தடிமனாக்கிடுச்சு, ஏன்னா மனசுல இருக்கிறது அஸ்ஸாம் காசிரங்கா காண்டாமிருகம், அந்தத் தூண் மாதிரி கால். மக வந்து பிரிண்டை வச்சுப் பாத்துட்டு "அப்பா, இது ஓடுற மிருகம்பா, நீங்க நிக்கிற மிருகம் வரைஞ்சிருக்கீங்க"ன்னா. அழிச்சிட்டுத் திரும்ப வரைஞ்சேன். முன்னங்கால் எலும்போட மெல்லிசான இடம் நான் முதல்ல போட்டதுல பாதிகூட இல்ல. நீளமான ஒல்லிக் காலு, குட்டிக் குதிரைக்குப் பக்கத்துல நிக்கவேண்டிய உருவம்.

பின்னங்கால் மடிப்பு புரியணும்னு பக்கத்து வீட்டு வெள்ளாட்டைப் பிடிச்சு நிறுத்தி டேப் வச்சு அளந்தேன். ஆட்டுக்குப் பின்பக்கமா மடங்குதே ஒரு மூட்டு, அதை முழங்கால்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன் இத்தனை வருஷமா. அது குதிகால். முழங்கால் அதுக்கு மேல வயித்தோட ஒட்டி இருக்கு. இது தெரியாம கம்பியை வளைச்சிருந்தா மொத்த உருவமும் நாய் உக்காந்த மாதிரி போயிருக்கும். ஆட்டை நிறுத்தி அளந்த அந்த அரைமணி நேரம்தான் இந்த மூணு மாசத்துலயே எனக்கு ரொம்பப் பிரயோஜனமான நேரம்.

அடுத்து கூடு. காலுக்கு 8 எம்.எம். முறுக்குக்கம்பி, வீடு கட்டுனப்ப மிஞ்சுனது போக 5 மீட்டர் வாங்குனேன், 140 ரூபா. பட்டறையில வளைச்சு வெல்டிங் வச்சது 400. முதுகுக்கு அரை இஞ்ச் பைப் கிடந்துச்சு. விலாவுக்குப் பனை மட்டை, காஞ்ச மட்டையில கருக்கைச் சீவி எறிஞ்சிட்டு நீளவாக்குல நாலாப் பொளந்து, ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டா அருமையா வளையுது. 14 வளையம் கட்டுக்கம்பியால கட்டுனேன். கட்டி முடிச்சப்ப ஏதோ வள்ளத்தோட கூடு கணக்கா அழகா இருந்துச்சு. அதுமேல சாக்கைக் கிழிச்சுப் போத்தித் தைச்சாச்சு.

தலையைத் தெர்மாகோல்ல செதுக்குனேன். ரெண்டு இஞ்ச் ஷீட்டை அடுக்கி ஒட்டி, ஆக்ஸா பிளேடாலயும் உப்புத்தாளாலயும் நாலு நாள் சாயங்காலம் உக்காந்து இழைச்சேன். 340 ரூபா தெர்மாகோல். கண்ணுக்குழி, தாடை எல்லாம் நல்லா வந்துச்சு. எங்க தெருவுல பைபர் படகு ரிப்பேர் பாக்குற அண்ணன் ஒருத்தர் இருக்கார், ரெசின் (பைபரைக் கெட்டியாக்குற பசைத் திரவம்) வேலைக்கு அவர்தான் எனக்கு வாத்தியார். அன்னைக்கு அவர் தொண்டிப்பக்கம் வேலைக்குப் போயிட்டார், எனக்குப் பொறுக்கல, ரெசினைக் கலந்து தலைமேல பிரஷ்ஷால ஒரு கோட்டிங் அடிச்சேன். ரெண்டு நிமிஷத்துல மூக்கு உள்வாங்குச்சு. அப்புறம் கண்ணு. அஞ்சு நிமிஷத்துல உப்புல போட்ட நத்தை மாதிரி மொத்தத் தலையும் கரைஞ்சு கீழ பிசினா கிடந்துச்சு. நாலு நாள் வேலை. சாயங்காலம் அண்ணன் வந்து பாத்துட்டு, "தம்பி, ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, தெர்மாகோல் அதுல நிக்காது, ஒரு வார்த்தை போன் போட்டுக் கேட்டிருக்கலாமே"ன்னார். ரெண்டாவது தலைக்கு அவர் சொன்னபடி தெர்மாகோல் மேல பேப்பர் கிழிச்சு ஃபெவிக்கால்ல மூணு அடுக்கு ஒட்டி, அதுக்கு மேல பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மெல்லிசாப் பூசி, அது காஞ்சு வெள்ளையா ஆனதுக்கு அப்புறம்தான் ரெசின். ஒரு இடத்துலகூடக் கரையல.

கலக்குற அளவைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இதுலயும் நான் பணம் விட்டேன். ரெசினை இறுக வைக்கிற திரவமான கேட்டலிஸ்ட்டை அண்ணன் மூடி கணக்குல ஊத்துவார், 20 வருஷக் கை. நமக்கு அது ஆகாது, நான் மெடிக்கல்ல 10 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கிட்டேன். முதல் நாள் உச்சி வெயில், ஒரு கிலோ ரெசினுக்கு 25 மி.லி. போட்டேன், மக்குல இருக்கும்போதே புகை வந்து கெட்டியாகி மக்கும் உருகிப்போச்சு. அப்புறம் நானா நோட்டுல எழுதி எழுதிப் பாத்து நிறுத்துன அளவு இது: காலைல பத்து மணிக்கு மேல வெயில் இருந்தா கிலோவுக்கு 10 மி.லி., மேகமூட்டம்னா 15. ஒரு தடவைக்கு அரைக்கிலோவுக்கு மேல கலக்கவே மாட்டேன். 15லேர்ந்து 20 நிமிஷம் கை ஓடும், அதுக்குள்ள பூசி ரோலர் போட்டுக் காத்துக்குமிழை எடுத்துடணும். இன்னொண்ணு, இதை மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க: கோபால்ட்டையும் (ரெசின் சீக்கிரம் இறுக உதவுற இன்னொரு திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல போட்டு நல்லாக் கலக்கிட்டு, அதுக்கு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். பாட்டில் ரெண்டையும் வேற வேற இடத்துல வைங்க. பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க. என் மக தள்ளி திண்ணையில உக்காந்துதான் நோட்டுல நேரம் குறிச்சா.

உடம்புக்கு 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ரெண்டு அடுக்கு. முதல் அடுக்கு சாக்கு மேல போட்டேன், மறுநாள் பாத்தா பிசுபிசுன்னு கையில ஒட்டுது, மூணாவது நாளும் அப்படியே. அளவு சரி, வெயிலும் இருந்துச்சு, என்ன காரணம்னு தெரியாம முழிச்சேன். அண்ணன் சாக்கைத் தொட்டுப் பாத்துட்டு, "ராத்திரி வெளியிலயா கிடந்துச்சு"ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். ஆமா. கடக்கரையில ராத்திரி வெளிய கிடந்த சாக்கு உப்புக்காத்தோட ஈரத்தையும் உறிஞ்சி வச்சிருக்கும், பகல்ல மேல தொட்டா காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும், ஈரத்துல ரெசின் இறுகாது. உரிச்சு எறிஞ்சேன், ஒன்றரைக் கிலோ ரெசின் போச்சு, 315 ரூபா. புதுச் சாக்கை ரெண்டு நாள் முழு வெயில்ல காயவச்சு, ராத்திரி வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடியில வச்சு, காலைல பத்துல இருந்து மூணு மணிக்குள்ள மட்டும் வேலை பாத்தேன். மூணுக்கு மேல காத்து மாறி ஈரம் ஏற ஆரம்பிச்சுடுது. இந்த நேரக்கணக்கு வந்ததுக்கு அப்புறம் ஒரு அடுக்குகூட வீணாகல.

உடம்பு முடிஞ்சு தூக்கிப் பாத்தா 11 கிலோ. காலை ஊன்றி நிறுத்தினோம், நின்னுச்சு. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஐப்பசி முதல் வாரத்துல ஒரு ராத்திரி காத்து திரும்புச்சு, காலைல பாத்தா மண்டியிட்டுக் கிடக்கு. பின்னங்கால் ரெண்டும் அந்தக் குதிகால் வளைவுல மடங்கியிருக்கு. நேராக்கி, கூட ஒரு கம்பி வச்சு இறுக்கிக் கட்டினேன், பத்து நாள்ல திரும்ப விழுந்துச்சு. இந்தத் தடவை கால் பைபரை கிரைண்டரால அறுத்துப் பாத்தேன், கம்பி வெளிய எட்டிப்பாத்த இடமெல்லாம் துரு பொரிஞ்சு தட்டுத் தட்டா வருது. ஒரு மாசத்துக்குள்ள. எங்க ஊர்ல சைக்கிள் ரிம்மே ரெண்டு வருஷம் தாங்காது, இதை யோசிக்காம விட்டது என் தப்பு.

உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது, இந்த மிருகத்தைச் செய்றதுல இருக்கிற கஷ்டமே அதோட கால்தான். தடிக்கால் காண்டாமிருகம்னா எந்தக் கம்பி போட்டாலும் நிக்கும். இது ஓடித் தப்பிக்கிற உடம்பு, கொம்பும் கிடையாது, எதிர்த்து நிக்கிற கனமும் கிடையாது, அதனால கால் நீண்டு மெலிஞ்சிருக்கு. உயிரோட இருந்தப்ப தசையும் நரம்பும் பிடிச்சு நிறுத்தியிருக்கும், செத்த பொம்மைக்கு அந்த வேலையைக் கம்பி ஒண்ணே பாக்கணும். வெளியில தடிமனாக்கவும் முடியாது, தடிமனாக்குனா அது ஹைராகோடானே இல்ல. அப்ப உள்ள இருக்கிறது பலமா இருக்கணும்.

12 எம்.எம். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடு 4 மீட்டர், 3.6 கிலோ, கிலோ 260 வீதம் 936 ரூபா. ராமநாதபுரத்துல போய் வாங்கிட்டு வந்தேன். ஒரு காலுக்கு ஒரே ராடு, நடுவுல ஒட்டு கிடையாது, மேல முதுகு பைப்போட வெல்டிங் (எஸ்.எஸ்.க்குத் தனி வெல்டிங் ராடு வேணும், பட்டறையில முதல்லயே சொல்லிடுங்க), கீழ நடுவிரல் வழியா இறங்கி 19 எம்.எம். பிளைவுட் பலகையைத் துளைச்சு அடியில மரை போட்டு நட்டு. வெல்டிங் கூலி 600. பழைய காலை முழுசா அறுத்து எடுத்துட்டுப் புதுசா மேட் சுத்துனேன். பலகை அஞ்சடிக்கு ரெண்டரை அடி, 850 ரூபா. இப்ப பலகையோட மொத்தம் 29 கிலோ.

நடுவிரல் வழியா ராடை இறக்குனது சும்மா வசதிக்காக இல்ல. ஹைராகோடானுக்கு ஒவ்வொரு காலுலயும் மூணு விரல், இன்னைக்கு இருக்கிற காண்டாமிருகத்துக்கும் மூணுதான். எடையில பெரும்பகுதி நடுவிரல்லதான் விழும், பக்கத்து ரெண்டும் துணை. குதிரைக்கும் நடுவிரல்தான், மத்ததெல்லாம் தேஞ்சு போய் அந்த ஒத்தை மிச்சம். மாடு ஆடெல்லாம் வேற கூட்டம், ரெண்டு விரல்ல நிக்கும். நான் முதல்ல 12 குளம்பையும் ஒரே சைஸுல செஞ்சு வச்சிட்டேன், பாக்க பூனைப் பாதம் மாதிரி இருந்துச்சு. அதைப் பிச்சிட்டுச் சிரட்டையில திரும்பச் செஞ்சேன். முத்துன தேங்காய்ச் சிரட்டைக்கு இயல்பாவே ஒரு வளைவு இருக்கு, ஆக்ஸா பிளேடால நகம் மாதிரி வெட்டி, அரம் வச்சு ஓரத்தை மழுக்கி, உள்பக்கம் எம்சீல் அடைச்சு ஒட்டணும். நடுக்குளம்பு 4 செ.மீ. அகலம், பக்கத்துக் குளம்பு ரெண்டரை. பக்கத்துக் குளம்பைக் கொஞ்சமா மேல தூக்கி, நுனி மட்டும் பலகையைத் தொடுற மாதிரி வச்சேன். அந்த ஒரு நூல் இடைவெளி வந்ததும்தான் மிருகம் இப்ப ஓடப் போகுதுங்கிற மாதிரி ஒரு தோற்றம் வந்துச்சு. வீட்டுல அப்ப ரெண்டு நாள் தேங்காய்ச் சட்னிதான்.

கொம்பு விஷயத்துல அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். நான் கடைக்குப் போயிருந்த நேரம், ஆசையா ஒரு கொம்பை பைபர்ல வார்த்துக் கொண்டுவந்து மூக்கு மேல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தார். "காண்டாமிருகம்னு சொல்லிட்டு கொம்பு இல்லாமலா தம்பி? பிள்ளைங்க நம்பாது." மக பதில் சொன்னா: "பெரியப்பா, கொம்பு எலும்பு இல்ல, நம்ம நகம் முடி மாதிரி சாமான், மக்கிப்போயிடும். ஆனா கொம்பு இருந்த மண்டையோட்டுல மூக்கெலும்பு மேல சொரசொரன்னு தடம் இருக்கும். இதுக்கு அந்த இடம் வழுவழுன்னு இருக்கு." அவர் ரெண்டு நிமிஷம் அந்தப் பிரிண்டைப் பாத்துட்டு, "அப்ப சரி"ன்னு கொம்பை அவ கையிலயே குடுத்துட்டார். அந்தக் கொம்பையும் கண்காட்சி மேசையில வைக்கப் போறோம், இது ஏன் ஒட்டலன்னு ஒரு அட்டை எழுதி.

பல்லு. வாயைத் திறந்து வைக்கலாம்னு பாத்தேன், 33 செ.மீ. தலையில பல்லெல்லாம் தெரியாது. அதனால மேல் கடைவாய்ப்பல் ஒண்ணை மட்டும் உள்ளங்கை சைஸுக்குப் பெருசாக்கி எம்சீல்ல தனியாச் செஞ்சேன். இந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டுறதே அந்தப் பல்லுதான். கன்னத்துப் பக்கம் நீளமா ஒரு மதில், அதுல இருந்து நாக்குப் பக்கமா ரெண்டு குறுக்கு வரப்பு. மேல இருந்து பாத்தா கணக்குப் பாடத்துல 22/7க்குப் போடுற பை குறி அப்படியே. இன்னைக்கு இருக்கிற காண்டாமிருகத்தோட மேல் பல்லுலயும் அடிப்படை வடிவம் இதேதான், கூடக் கொஞ்சம் மடிப்பு இருக்கும். இலையை நறுக்குற கத்தி அந்த வரப்பு. முதல் பல்லுல வரப்பை வெளிப்பக்கம் திருப்பி வச்சிட்டேன், மகதான் கண்டுபிடிச்சா. எம்சீல் மொத்தம் 180 ரூபா.

நிறம். எலும்பு நிறம் சொல்லாது. சாம்பல்நிறத் தடித்தோல் வேண்டாம்னு மட்டும் முடிவு பண்ணோம், ஏன்னா பாத்த உடனே மறுபடி மனசு காசிரங்காவுக்குப் போயிடும். செம்மண் பழுப்பு, வயித்துல வெளுப்பு. படகுக்கு அடிக்கிற எனாமல்தான், 540 ரூபா. பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு மணல் பறந்து ஒட்டி ஒரு பக்கம் முழுக்க மறுபடி உப்புத்தாள் போடவேண்டி வந்துச்சு, பழைய சேலை ரெண்டைக் கொடியில தொங்கவிட்டு மறைச்சு அடிச்சேன்.

மொத்தச் செலவு, வண்டி வாடகை 500 சேர்த்து 7,586 ரூபா. இதுல துருக்கம்பி, அதோட வெல்டிங், கரைஞ்ச தலை, உரிச்ச ரெசின் இதெல்லாம் கூட்டினா 1,195 வீணாப்போனது. பனை மட்டை, சாக்கு, சிரட்டை, பழைய பைப், அண்ணனோட உழைப்பு இதுக்கெல்லாம் நான் காசு குடுக்கல, அண்ணன் வாங்கவும் மாட்டேன்னுட்டார், அவர் வீட்டு மோட்டாரை நான் இலவசமாக் காயில் கட்டித் தர்றதா பேச்சு.

அடுத்த தடவை செஞ்சா மாத்தப் போறது: காலைத்தான் முதல்ல செய்வேன், பலகையில வெறும் ராடை நிறுத்தி, மேல 15 கிலோ மணல் மூட்டையைக் கட்டி ஒரு வாரம் காத்துல விட்டுப் பாத்துட்டுத்தான் உடம்புக்கே போவேன். ரெசின் வேலையை ஆவணியிலயே முடிச்சிடணும், ஐப்பசிக்கு பெயிண்ட் மட்டும்தான் மிச்சம் இருக்கணும். கழுத்தை இன்னும் 3 செ.மீ. இறக்கியிருக்கலாம், இப்ப கொஞ்சம் விறைப்பா நிமிர்ந்து நிக்குது. தலையைத் தனியாக் கழட்டி மாட்டுற மாதிரி போல்ட் வச்சிருந்தா வண்டில ஏத்த சுலபம்.

சிரட்டைக் குளம்பு ரெண்டு உபரியா செஞ்சு, எம்சீல் பாக்கெட்டோட மக பைக்குள்ள போட்டு வச்சிருக்கேன், ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ரோட்டுல குலுக்குனா முதல்ல உடையப்போறது பக்கத்து விரல்தான்.